புறம்போக்கு என்று திட்டிய வாத்தியார் எழுதுகிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இது பத்து நிமிடம்தான்.

போன வாரம் நம் பழைய பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வீடியோவை மறுபடியும் போட்டான். அவ்வளவுதான், இரண்டு நாள் சண்டை. "இது கர்நாடக சங்கீதமே இல்லை" என்றான் ஒருவன். "நம்ம ஏரியா கதையை நமக்குப் புரியாத ராகத்துல பாடி யாருக்கு லாபம்?" என்றான் இன்னொருவன். மஸ்கட்டில் இருப்பவன், "முதல் தடவை கேட்டப்ப அழுதுட்டேன் மச்சி" என்று எழுதினான். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, "சார், நீங்க வரலாறு வாத்தியார், நீங்க சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சொல்கிறேன். ஆனால் தீர்ப்பு சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் தெரியாதவர்களுக்காக. 2017 ஜனவரியில், பொங்கல் சமயத்தில் வந்த பாட்டு அது. பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. எழுதியவர் கபேர் வாசுகி. ராகமாலிகையாக மெட்டமைத்தவர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். படம் பிடித்தவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பாற்றச் சொல்லி, சுற்றுச்சூழலுக்காகப் போராடும் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்களின் முயற்சியில் உருவானது. சபா மேடை கிடையாது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும் சாம்பலுக்கும் நடுவே பாட்டு நடக்கிறது. பாடகர் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியோடு தோன்றுவார். ஆனந்தபைரவி, பேகடா என்று ராகங்கள் போகும். பாஷை மட்டும் நாம் பேசும் மெட்ராஸ் பாஷை.

கிருஷ்ணா யார் என்பதும் முக்கியம். செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் பாடம் கேட்டவர். சபாக்களில் உச்சத்தில் இருந்தவர். 2015ல், இனி டிசம்பர் சீசனில் சென்னையில் பாடமாட்டேன் என்று அறிவித்தார். அதே வருடம் பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து விழா நடத்த ஆரம்பித்தார்கள். 2016ல் மகசேசே விருது. முற்போக்கு என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள், சங்கீதத்தைக் கெடுக்கிறார் என்று இன்னொரு சாரார் முகம் சுளித்தார்கள். அப்படிப்பட்ட முற்போக்குக்காரர்தான் புறம்போக்கைப் பற்றிப் பாடினார். (சிரிக்கலாம். வகுப்பில் என் ஜோக்குக்கு நீங்கள் சிரித்ததில்லை, இப்போதாவது சிரியுங்கள்.)

இனி கேட்டவர்களின் அபிப்பிராயங்களுக்கு வருவோம்.

முதல் அபிப்பிராயம் என் சம்பந்தியுடையது. மயிலாப்பூர்க்காரர். டிசம்பர் முழுக்க அவரை வீட்டில் பார்க்க முடியாது. பாட்டு வந்த புதிதில் அவருக்கு அனுப்பினேன். "குரல் அமிர்தம். ஆனால் பேகடாவில் பாடுகிற வார்த்தைகளா இவை? பிரசாரத்துக்கு ராகம் எதற்கு?" என்று கேட்டார். அவர் வருத்தம் பொய்யில்லை. ஒரு ராகத்தை நாற்பது வருடமாக ஒரே மாதிரி சொற்களோடு கேட்ட காது அது.

ஆனால் சம்பந்தி, கோபித்துக்கொள்ளாமல் ஒன்றைக் கேளுங்கள். பேகடா எங்கள் ஊருக்கு அந்நியமில்லை. தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்து வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். அந்த ஐந்தில் ஒன்று பேகடா. அவருடைய சீடர் வீணை குப்பய்யர், குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் எல்லோரும் இந்தப் பக்கத்து மனிதர்கள். சங்கீத வித்வத் சபை 1928ல்தான் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே ஜார்ஜ் டவுன் செல்வர்களின் வீடுகளிலும் கோயில்களிலும் இந்தச் சங்கீதம் செழித்தது. தெற்கே குடிபெயர்ந்தது பிறகுதான். ஏழுகிணற்றிலிருந்து வள்ளலார் நடந்தே வந்து பாடிய ஊரும் இதுதான். ஆக, 2017ல் பேகடா எண்ணூர் சாலைக்கு வந்ததை, பழைய வீட்டைப் பார்க்க வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். வந்து பார்த்தபோது வீட்டு வாசலில் சாம்பல் கொட்டிக்கிடந்தது.

இரண்டாவது அபிப்பிராயம் நம் பையன்களுடையது. "நம்ம கஷ்டத்தை நாமளே பாட மாட்டோமா? கானா இல்லையா? அவர் பாடினா மட்டும் பேப்பர்ல வருது." இதை நான் சுலபமாகத் தள்ளமாட்டேன். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் சாவு வீட்டில் விடிய விடிய பாடியவர்களை எந்த விமர்சகரும் தேடி வரவில்லை. அடுத்த வருடம், 2018 ஜனவரியில், பா.ரஞ்சித்தின் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோதுதான் கானாப் பாடகர்களைப் பல பேர் திரும்பிப் பார்த்தார்கள். யார் வாயிலிருந்து வந்தால் ஊர் கேட்கிறது என்ற கேள்வி நியாயமானது. எனக்குத் தெரிந்தவரை கிருஷ்ணாவும் அதையே அவருடைய பாணியில் சபாக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, கலைஞன் தடம் மாறினால் ரசிகனுக்கு வரும் கோபம். இது உலகத்துக்கே பொது. 1965ல் அமெரிக்காவில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்சார கிடாரோடு மேடையேறினார். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய கூட்டத்திலேயே ஒரு பகுதி கூச்சல் போட்டது. நம் ஊரில் 1986ல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' கேசட்டை வெளியிட்டார். தியாகராஜரையும் பாக்கையும் ஒரே முற்றத்தில் உட்காரவைத்த இசை. அது வந்தபோது ஸ்டாஃப் ரூமில் நடந்த சண்டை எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பாட்டே இல்லாத கேசட்டுக்குக் காசா?" என்றார் கணக்கு வாத்தியார். பாட்டு வாத்தியார் அம்மாவோ, "சினிமாக்காரருக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார்கள். ஒருவருக்கு அது போதாத சினிமா, இன்னொருவருக்கு அது போதாத சாஸ்திரியம். ராஜா கீழிருந்து மேலே போகிறார் என்று திட்டினார்கள், கிருஷ்ணா மேலிருந்து கீழே வருகிறார் என்று திட்டினார்கள். மேல் எது, கீழ் எது என்று முதலில் வகுத்தது யார் என்பதைத்தான் வரலாற்று மாணவன் கேட்கவேண்டும்.

அதற்குப் பதில் அந்தப் பாட்டின் தலைப்புச் சொல்லிலேயே இருக்கிறது.

புறம்போக்கு என்றால் என்ன? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளைப் பாருங்கள். ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரி இல்லாத நிலத்தைக் கழிப்பார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு. இவையெல்லாம் கழிவது, உதவாத நிலம் என்பதால் அல்ல. எல்லோருக்கும் வேண்டிய நிலம் என்பதால். பின்னால் வெள்ளைக்காரன் ரெவின்யூ கணக்கு எழுதியபோதும் அதே சங்கதிதான். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, களம், மந்தை என்று இன்றைக்கும் வி.ஏ.ஓ. அலுவலக ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஆனால் வரி தராத நிலம் கஜானாவின் கண்ணுக்கு வெறும் நிலம். கணக்கில் வெறும் நிலம் என்றானது, பேச்சில் வசைச்சொல் ஆனது. உருப்படாதவன், வீடு வாசல் இல்லாதவன், புறம்போக்கு.

எஸ்.பி.ஜனநாதன் 2015ல் எடுத்த படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடைமை' என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பு சொன்னதைத்தான் பாட்டும் சொல்கிறது. இது யாருக்கும் சொந்தமில்லை, அதனாலேயே எல்லோருக்கும் சொந்தம்.

நம் எண்ணூரை இந்தச் சொல்லோடு வைத்துப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம். சென்னையின் ஆறுகளில் வெள்ளத்தை அதிகம் சுமப்பது இதுதான். உப்புநீரும் நன்னீரும் கலக்கிற, அலையாத்தியும் உப்பளமும் சேறுமான இந்த இடம் வரைபடத்தில் காலி மனையாகத் தெரிந்தது. 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1994ல் வட சென்னை அனல்மின் நிலையம். 2001ல் எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். சாம்பல் கரைசலைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து ஆற்றில் சாம்பல் படிந்தது. முழங்கால் ஆழம் தண்ணீர் நின்ற இடத்தில் காலை வைத்தால் சாம்பல் சேறு இழுத்தது. 2015 வெள்ளத்தில், தண்ணீர் போக வழியில்லாமல் போனால் என்ன நடக்கும் என்று நகரம் முழுக்கப் பார்த்தது.

நான் தொழிற்சாலைக்கு எதிரி இல்லை. என் மாணவர்களில் பாதிப்பேர் அந்தச் சங்கு ஊதி வளர்ந்தவர்கள். லேலண்டிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். ஆனால் சம்பளம் ஒரு கரைக்கு, சாம்பல் மறு கரைக்கு என்று பிரிந்ததைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது.

பாட்டு இதை மாற்றியதா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. பழைய அனல்மின் நிலையம் அதே 2017 மார்ச் கடைசியில் மூடப்பட்டது. அதற்கு வயதாகிவிட்டது, பாட்டு காரணமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியதே, மீனவர்கள் வெறுங்கையால் வாளியில் அள்ளினார்களே, அதையும் பாட்டு தடுக்கவில்லை. கிருஷ்ணாவுக்கு 2024ல் சங்கீத கலாநிதி அறிவித்தபோது சில வித்வான்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள். அந்தச் சண்டைக்குக் கிடைத்த பத்திரிகை இடத்தில் பாதிகூட இந்தச் சேற்றுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு என்னதான் செய்தது அந்தப் பாட்டு? எனக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

அந்தக் குழுவில் இரண்டு நாளும் வாய் திறக்காமல் இருந்தவன் ஒருவன் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். ஆற்றங்கரைக் குப்பத்துப் பையன். காலையில் அப்பாவோடு வலைக்குப் போய்விட்டு, முதல் பீரியட் முடிந்த பிறகு, காலில் சேறு காயாமல் வந்து வாசலில் நிற்பான். ஒருநாள் ஏதோ கோபத்தில், முழு வகுப்பின் முன்னால், "புறம்போக்கு, வெளியே நில்லுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்று ஐந்தாண்டுத் திட்டமும் தொழில் வளர்ச்சியும் நடத்தினேன் என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை.

2017ல் அந்தத் தலைப்பைப் போனில் பார்த்ததும் முதலில் அவன் முகம்தான் வந்தது. பாட்டைக் கேட்டு முடிக்க எனக்கு மூன்று தடவை ஆனது.

சண்டை ஓய்ந்த பிறகு போன வாரம் அவனுக்குப் போன் செய்தேன். "பாட்டைப் பத்தி நீ என்னடா நினைக்கிற?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "நல்லாத்தான் சார் பாடறாரு. ராகமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அந்த வார்த்தையை யாரையும் திட்டறதுக்கு இல்லாம ஒருத்தர் சொல்லி அப்பதான் சார் கேட்டேன்" என்றான். பிறகு, "ஆத்துல இறால் வரவேயில்ல சார், அதைப் பத்தியும் எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். "அது எப்பவோ சார், விடுங்க" என்றான். அவன் விட்டுவிட்டான். நான் விடக்கூடாது என்றுதான், எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உங்களில் நிறையப் பேர் இப்போது வாத்தியார்கள், சூப்பர்வைசர்கள், அதிகாரிகள். அந்த வார்த்தை வாயில் வரும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். பாட்டைப் பற்றிய உங்கள் அபிப்பிராயத்தைக் கீழே எழுதுங்கள். ராகத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஆற்றைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வரலாறு சார்