ஆறாயிரத்தில் ஒரு நெல்



நம்ம வயலில் பல ரகம் இருந்தால் என்ன, ஒரே ரகம் இருந்தால் என்ன? இந்தக் கேள்விக்குச் சரித்திரம் இரண்டு தடவை பதில் சொல்லியிருக்கிறது.

முதல் பதில் அயர்லாந்தில். அங்கே ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்குதான் சோறு. பெரும்பாலும் 'லம்பர்' என்கிற ஒரே ரகம். கிழங்கை முளைக்கண்ணோடு வெட்டி நடுவதால் எல்லாச் செடியும் ஒரே குணம். 1845-ல் கருகல் நோய் வந்தது. ஒரு செடிக்குத் தாங்கும் சக்தி இல்லையென்றால் எந்தச் செடிக்கும் இல்லை! அரசாங்கத்தின் அலட்சியமும் சேர்ந்துகொள்ள, சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் ஊரை விட்டே போனார்கள்.

இரண்டாவது பதில் நம்ம நெல்லிலேயே இருக்குங்க. 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. குட்டைப் பயிர், சாயாது, போட்ட உரத்துக்கு மகசூல் கொடுக்கும். ஆசியா பூராவும் குட்டை ரகங்கள் பரவின. 1970-களில் புகையான் பெருகியது. அது பரப்பிய புல்தழைக் குட்டை நோயில் பயிர் புல்லுக்கட்டு மாதிரி தூர் வெடித்து, குட்டையாகி, கதிர் விடாமலே நின்றது.

விஞ்ஞானிகள் 6,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தார்கள். தாங்கி நின்றது ஒன்றே ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த காட்டு நெல் அது. மணி உதிரும், அறுத்தால் கூலிக்குக்கூடக் கட்டாது. நாமாக இருந்தால் களை என்று பிடுங்கி வரப்பில் போட்டிருப்போம். அதை ஒட்டுச் சேர்த்து, குர்தேவ் குஷ் என்கிற இந்திய விஞ்ஞானியின் குழு 1976-ல் ஐ.ஆர். 36 ரகத்தைக் கொண்டுவந்தது. 1980-களில் அது ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரானது. அதன் வம்சத்தில் நம்ம திரூர்க்குப்பத்து டி.கே.எம். 6 ரகமும், கேரளத்துப் பட்டாம்பி ரகங்களும் இருக்கின்றன.

சரி, பல வகை இருக்கிறதா என்று எப்படி அளப்பது? எண்ணிப் பார்த்தால் போதுமா? போதாது. இரண்டு ஊர், ஆளுக்கு 100 ஏக்கர், இரண்டிலும் 10 ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரில் ரகத்துக்குப் பத்துப் பத்து ஏக்கர். அடுத்த ஊரில் ஒரே ரகம் 91 ஏக்கர், மற்ற ஒன்பதும் ஒவ்வொரு ஏக்கர்.

கண்ணை மூடிக்கொண்டு ஊர் வயல்களில் எங்கேயாவது இரண்டு கதிர் பறியுங்கள். இரண்டும் ஒரே ரகமாக அமைய, முதல் ஊரில் நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. அடுத்த ஊரில் நூற்றுக்கு 83! நோய்க்கும் அதே கணக்குத்தான். ஒரு கதிரைப் பிடித்த நோய்க்கு அடுத்த கதிரும் சொந்தக்காரன். 1949-ல் சிம்ப்சன் என்ற பிரிட்டன்காரர் வகுத்த அளவு இது. காட்டு மரம், குளத்து மீன், வயல் பூச்சி எல்லாவற்றுக்கும் இதைப் போடுகிறார்கள். இப்போது மரபணுவையே படித்தும் அளக்கிறார்கள். 2014-ல் சுமார் 3,000 நெல் வகைகளின் மரபணு விவரம் வெளியானது.

இதற்காக உயர்ரகத்தைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டில் பழைய ரகம் இருந்தால் ஒரு சென்டிலாவது தனியாகப் போடுங்கள். கலப்பில்லாத கதிராகப் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, ரகத்தின் பேரும் அறுத்த மாதமும் எழுதிக் கட்டி வையுங்கள். வருஷா வருஷம் புது விதையாக மாற்றுங்கள். பழசானால் முளைப்பு குறைந்துவிடும். அக்கம்பக்கத்துக்கும் ஒரு படி கொடுத்து வையுங்கள். உங்களிடம் தவறினாலும் அங்கே இருக்கும்.

அடுத்த நோய் எதுவென்று யாருக்கும் தெரியாது. அதைத் தாங்கும் நெல் உங்கள் குதிரிலேயே இருக்கலாம்.