பராக்குப் பார்க்கும் சிறுமியர்: ஒரு பெயரின் வரலாறு

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறை மிகையியக்கக் கோளாற்றின் பெயரில் இரண்டு செய்திகள் உள்ளன. கவனம் குறைவது பிறர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. இயக்கம் மிகுவதோ வகுப்பறையையே கலைத்துவிடும். பெண்கள் இக்கோளாற்றின் வரலாற்றில் நெடுங்காலம் காணாமற்போனதற்கு இவ்வேறுபாடு ஒரு முதன்மைக் காரணம்.

1902இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் தம் சொற்பொழிவுகளில் விவரித்த 20 குழந்தைகளுள் சிறுமியர் ஐவரே. 1937இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் கொடுத்து ஆராய்ந்த 30 குழந்தைகளுள் ஒன்பதின்மர். சிறுமியர் அறவே இல்லாமலில்லை. ஆனால் பெரியோருக்குத் தொல்லை தந்த குழந்தைகளே மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை வைத்தே இலக்கணமும் வகுக்கப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1968இல் இதனைக் குழந்தைப்பருவ மிகையியக்க எதிர்வினை என்றே குறித்தது. வாய்மூடி அமர்ந்து சாளரத்தை நோக்கும் சிறுமிக்கு அப்பெயரில் இடமேது?

1980ஆம் ஆண்டுப் பதிப்பு கவனக்குறையை முன்னிறுத்தி, மிகையியக்கம் இன்றியும் அது அமையும் என்றது. 1987இல் மிகையியக்கம் மீண்டும் பெயருக்குள் புகுந்தது. கவனக்குறை மேலோங்கிய வகை 1994இல் தனியே ஏற்கப்பட்டது. அறிகுறிகள் 7 வயதுக்குள் தோன்றியிருக்க வேண்டும் என்ற வரம்பு 12ஆக உயர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை, தொடக்கப் பள்ளியில் இரட்டிப்பு உழைப்பால் குறையை மறைத்து, பாடச்சுமை கூடியபோது தடுமாறிய பெண்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு என்ற பெயர்களே எளிதில் வாய்த்தன.

கையேடு திருந்தினாலும், குழந்தை மருத்துவரை அடையும் வழி வீட்டுப் பேச்சில் தொடங்குகிறது. மைசூரு மானசகங்கோத்ரியில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்துக்குப் பேச்சுத் தாமதமுள்ள குழந்தைகளைப் பெற்றோர் அழைத்துவருகின்றனர். பேசாத குழந்தை கவலை தருகிறது. ஓயாது பேசும் சிறுமிக்குத் தமிழ் வீடுகளில் ‘வாயாடி’ என்ற பெயர் முன்பே ஆயத்தமாக இருக்கிறது. அதே ஓட்டத்துக்கு மகனைத் ‘துறுதுறு’ என்று கொஞ்சுவர். மகளை ‘அடக்கமில்லை’ என்பர். பொருளை மறந்து வைத்தால் ‘பொறுப்பில்லை’. இச்சொற்கள் யாவும் குணத்தைச் சுட்டுபவை. குணத்துக்கு யாரும் மருத்துவம் தேடுவதில்லை.

1969இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் மைசூருவிலேயே இருக்கிறது. மருத்துவ வினாநிரல்களைத் தமிழாக்குவது அகராதி வேலை மட்டுமன்று என்பதை மொழியியலார் அறிவர். ‘கவனச் சிதறல் உண்டா?’ என்ற வினாவுக்கு ‘இல்லை’ என்று சொல்லும் தாய், ‘எப்போதும் பராக்குப் பார்க்கிறாளா?’ என்று கேட்டால் வேறு விடை தரக்கூடும்.