இரண்டு விரல் போதும்!

புதுசாக கிடார் வாங்கியிருக்கிறீர்களா? முதல் வாரமே விரல் நுனியெல்லாம் எரியும். 'நமக்குச் சரிப்படாதுப்பா' என்று பரணில் போடத் தோன்றும். அதற்கு முன்னால் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் கதையைக் கேளுங்கள்.

பாரீஸ் பக்கம் வண்டியிலேயே குடித்தனம் நடத்திய ஜிப்ஸி இளைஞர். பதினெட்டு வயதிலேயே பாஞ்சோவில் கில்லாடி. 1928 நவம்பரில் ஓர் இரவு, மனைவி விற்பனைக்கு வைத்திருந்த செல்லுலாயிட் பூக்கள் குபீரென்று தீப்பிடித்தன. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து மடங்கிவிட்டன. தந்தியை அழுத்த வேண்டிய கை!

ஆஸ்பத்திரிப் படுக்கையில் தம்பி ஒரு கிடாரைக் கொடுத்தார். பழைய வித்தை எதுவும் உதவவில்லை. மறுபடி 'அ, ஆ'வன்னா! மிச்சமிருந்த இரண்டு விரல்களைத் தந்திகளின் மேல் நெடுக ஓடவிட்டுப் பழகினார். 1934-ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு அவர் அமைத்த குழு ஐரோப்பிய ஜாஸுக்கே புது முகவரி தந்தது.

கதை முடியவில்லை. 1965-ல் பர்மிங்ஹாமில் டோனி ஐயோமி என்ற பதினேழு வயதுப் பையன், தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். இடது கைப் பழக்கம் என்பதால் அவன் தந்தியை அழுத்துவது வலது கையில். அடிபட்டதும் அதே கை! 'இனி கிடார் அவ்வளவுதான்' என்று முடங்கிக் கிடந்தவனுக்கு, மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தது ஜாங்கோ! பையன் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டான். பின்னாளில் 'பிளாக் சபாத்' குழுவின் கிடார் கலைஞர் அவர்தான்.

உங்களுக்கு விரல் எரிகிறதா? எரியட்டும். நாலும் இருக்கிறதல்லவா?