எழுதிய தாயும் எழுதாத தாயும்

அந்தக் கோட்டைக்கு முதலில் பெயர் கிடையாது, எண்தான். கனெக்டிகட் ஆற்றங்கரையில், இன்றைய நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அபெனாகி பூர்வகுடிகளின் நிலத்தை மாசசூசெட்ஸ் காலனி அரசு அளந்து, எண் போட்டு, ஆங்கிலேயக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. நான்காம் எண் நிலத்தில் 1740 வாக்கில் சில குடும்பங்கள் குடியேறின. பிறகு வீடுகளை நெருக்கி அமைத்து, சுற்றிலும் மரக்கம்பங்களை நட்டு மதிலாக்கினார்கள். ‘நான்காம் எண் கோட்டை’ என்பதே அதன் பெயரானது. அந்த ஆற்றில் அதற்கு வடக்கே வேறு ஆங்கிலேயக் குடியிருப்பு இல்லை.

கோட்டையின் பெருமையாகச் சொல்லப்படுவது 1747 ஏப்ரல் முற்றுகை. தளபதி ஃபினியாஸ் ஸ்டீவன்ஸ் சுமார் 30 பேரோடு பிரெஞ்சு, அபெனாகி படையை எதிர்த்து நின்றார். அதைப் பாராட்டிக் கடற்படை அதிகாரி சார்ல்ஸ் நோல்ஸ் ஒரு வாளை அனுப்பினார். ஊர் பின்னாளில் சார்ல்ஸ்டவுன் ஆனது. ஒரு வாளுக்கு ஓர் ஊர்ப்பெயர்!

எனக்கு இந்தக் கோட்டையின் கதை வேறொரு நாளில் தொடங்குகிறது: 1754 ஆகஸ்ட் 30. சூசன்னா ஜான்சனின் வீடு மதிலுக்கு வெளியே இருந்தது. முந்தைய இரவு அண்டை அயலார் கூடித் தர்ப்பூசணி தின்று களித்திருந்தார்கள். விடியற்காலையில் வேலைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதவைத் திறந்தபோது, அவர் பின்னாலேயே அபெனாகி வீரர்கள் நுழைந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான சூசன்னா, அவர் கணவர், மூன்று குழந்தைகள், 14 வயதுத் தங்கை மிரியம், இன்னும் இரண்டு ஆண்கள் என எட்டுப் பேரைப் பிடித்து வடக்கே நடத்திச் சென்றார்கள்.

மறுநாள் காட்டுக்குள் சூசன்னாவுக்கு வலி எடுத்தது. பிடித்துச் சென்றவர்களே குடிசை கட்டிக் கொடுத்தார்கள். குழந்தைக்குத் துணி கொடுத்தார்கள். இன்னொரு தலைக்கும் பணம் கிடைக்குமே என்று ஒருவர் மகிழ்ந்ததையும் சூசன்னா மறைக்கவில்லை. பிறந்த பெண்ணுக்கு எலிசபெத் கேப்டிவ் என்று பெயர். கேப்டிவ் என்றால் கைதி.

கனடாவின் ஒடனாக் கிராமத்தில் அபெனாகித் தலைவர் ஜோசஃப் லூயி கில்லின் குடும்பம் சூசன்னாவைத் தன் உறவாக ஏற்றுக்கொண்டது. கில்லின் பெற்றோரே சிறுவயதில் சிறைப்பட்டு அபெனாகிகளிடம் வளர்ந்த ஆங்கிலேயர்கள்தான். அந்த வீட்டில் சபாதிஸ் என்ற சிறுவன் சூசன்னாவுக்காகப் பசுக்களை ஓட்டி வந்தான். பின்பு சூசன்னா பிரெஞ்சுக்காரர்களிடம் விற்கப்பட்டார், சிறையில் கிடந்தார், அம்மை கண்டு பிழைத்தார். மகன் சில்வானஸ் திரும்பி வந்தபோது அபெனாகி மொழிதான் பேசினான். மாண்ட்ரியாலில் வளர்ந்த மகள் பிரெஞ்சு பேசினாள். பெற்ற குழந்தைகளோடு பேச அந்தத் தாய்க்குப் பொதுமொழி இல்லாமல் போயிற்று.

1759 அக்டோபர் 4 அன்று ராபர்ட் ரோஜர்ஸின் ஆங்கிலேயப் படை ஒடனாக்கைக் கொளுத்தியது. கில்லின் மனைவி மரி-ஜானும் பிள்ளைகளும் பிடிபட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சூசன்னா வடக்கே நடந்தது போல மரி-ஜான் தெற்கே நடந்தார். அவருக்கு யாரும் குடிசை கட்டவில்லை. வழியிலேயே இறந்துபோனார்.

படை வந்து சேர்ந்தது நான்காம் எண் கோட்டைக்கு. அங்கே, திரும்பி வந்து குடியிருந்த சூசன்னாவின் வீட்டில், கைதிச் சிறுவன் ஒருவன் அவரைக் கண்டதும் அக்கா என்று கதறினான். அவன் சபாதிஸ். மதிலுக்கு இப்பால் அவனுக்கு இருந்த ஒரே உறவு, ஒரு காலத்தில் அவன் வீட்டில் கைதியாக இருந்த பெண்தான்.

1796இல் வெளியான சூசன்னாவின் நூலில் இந்தக் காட்சி இருக்கிறது. எதிரியைச் சகோதரன் என்று ஏற்கும் வழக்கம் நாகரிகம் பேசும் வெற்றியாளர்களிடம் உண்டா என்றும் அந்நூல் கேட்கிறது. குடியேறிகளின் நிலப்பசிக்கு நியாயம் கற்பிக்கப் பயன்பட்ட சிறைக்கதைகளுக்கு நடுவே இது அரிய கேள்வி.

மரி-ஜான் எழுதிய நூல் இல்லை. ஆனால் எழுதாத பெண்கள் எல்லாரும் சொல்லாத பெண்கள் அல்லர். ஒடனாக்கில் 200 பேரைக் கொன்றதாக ரோஜர்ஸ் எழுதினார். பிரெஞ்சுக் குறிப்புகளோ இறந்தவர்கள் சுமார் 30 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்கின்றன. ஏன் இந்த வேறுபாடு? ஒடனாக் பெண்கள் பாட்டி, பேத்தி என்று வாய்வழியாகக் காத்த ஒரு கதை உண்டு. தாக்குதலுக்கு முந்தைய இரவு நடனம் நடந்துகொண்டிருந்தது. வெளியே வந்த ஒரு சிறுமியிடம் அந்நியன் ஒருவன் ஆபத்தைச் சொன்னான். அவள் சொல்லைக் கேட்டுப் பலர் ஒளிந்து பிழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் இக்கதை பதிவானபோது, தளபதியின் கணக்கைச் சந்தேகிக்க அது வலுவான காரணமாயிற்று.

கோட்டை வரலாற்றில் வாளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சிறுமியின் சொல்லுக்கும் அதில் இடம் வேண்டும்.