மரவேலி சொல்லும் வரலாறு

வேலி என்றதும் தஞ்சைத் தரணியிற் பிறந்தோர்க்கு நிலத்தின் அளவு நினைவுக்கு வரும். இருபது மா கொண்டது ஒரு வேலி. ஏனையோர்க்குக் கிளுவையும் கள்ளியும் சூழ்ந்த கொல்லை கண்முன் தோன்றும். நம் காலனி அன்பர்களுக்கோ, குவார்ட்டர்ஸ் வாயிலில் ஒரு முருங்கையையும் நாலு கத்தரிச் செடிகளையும் காக்க நாம் நட்டுவைத்த குச்சிகளே வேலி. இத்தகைய எளிய பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டோ என வினவலாம். உண்டு. அமெரிக்க நாட்டில் கையாற் பிளந்த மரத்தால் அமைத்த வேலியின் கதையை ஈண்டு சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய உழவர்கள் கண்டது பெருங்காடு. மரங்களை வெட்டினாலன்றி விதைக்க நிலமில்லை. மாடுகளையும் பன்றிகளையும் காட்டில் மேயவிடுவது அவர்கள் வழக்கம். நம் ஊரில் மாடு பயிரை மேய்ந்தால் அதனைப் பட்டியில் அடைப்பர். மாட்டுக்காரன் தண்டம் கட்டுவான். அங்கே பல பகுதிகளிற் சட்டம் நேர்மாறாக இருந்தது. பயிரிட்டவனே வேலி அடைத்துக்கொள்ள வேண்டும். அடையாதவனுக்கு நட்டஈடு கிடையாது. ஆதலின் ஏழை உழவனுக்கு வீட்டிற்கு அடுத்த பெருஞ்செலவு வேலியாயிற்று. கையிற் காசு இல்லாதவன் தன் உழைப்பையே செலவழித்தான்.

அவ்வேலி செய்யும் முறை எளிது, வேலையோ கடிது. செஸ்ட்நட், ஓக் போன்ற மரங்களைப் பத்து, பதினோரடித் துண்டுகளாக வெட்டுவர். துண்டின் முனையில் இரும்பு ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பர். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை நம் குழந்தைகள் அறிந்ததே, அதே ஆப்புத்தான். மரம் நாரோட்டத்தின் வழியே இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிளக்கும். வாளால் அறுத்த பலகையில் நார்கள் அறுபட்டு நீர் எளிதில் ஊறும். பிளந்த கழியிலோ நார்கள் பெரும்பாலும் அறுபடாமையால் அது மழைக்கும் பனிக்கும் நெடுநாள் ஈடுகொடுக்கும்.

இக்கழிகளைப் பாம்பு நெளிவதுபோல் வளைத்து வளைத்து, முனைமேல் முனையாக அடுக்குவர். குழி தோண்ட வேண்டா, ஆணியும் வேண்டா. கணக்கு எழுதும் தொழிலினராகிய நாம் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஓர் அடுக்கு எட்டடி நீளத்தை அடைக்குமாயின், ஒரு மைலுக்கு 660 அடுக்குகள். அடுக்கிற்கு எட்டுக் கழி என்றால் 5,280 கழிகள். ஒருவன் நாளொன்றுக்கு நூறு கழி பிளந்தாலும், ஒரு மைல் வேலிக்கு ஏறக்குறைய 53 நாள் உழைக்க வேண்டும்.

இவ்வாறு உழைத்தவருள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். இருபத்தொரு வயது நிரம்பும்வரை பிறரிடம் வேலை செய்து பெற்ற கூலியைத் தந்தையிடம் ஒப்புவித்தவர் அவர். 1830-இல் குடும்பம் இல்லினாய்ப் பகுதிக்குப் பெயர்ந்தபோது, பத்து ஏக்கர் நிலத்தைச் சூழ வேலிக்கழி பிளந்தார். முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1860 மே மாதம் டெக்கேட்டர் நகரில் அவர் கட்சியின் மாநில மாநாடு கூடியது. அவருடன் அன்று கழி பிளந்த உறவினர் ஜான் ஹாங்க்ஸ், பழைய கழிகள் இரண்டை மேடைக்குச் சுமந்து வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அக்கழிகள் தாம் பிளந்தவைதாமா என்று உறுதி கூற இயலாதென்றும், இவற்றினும் நல்ல கழிகளைப் பிளந்ததுண்டு என்றும் லிங்கன் நகைச்சுவையாக மொழிந்தார். அன்று முதல் ‘கழி பிளந்தவர்’ என்பதே அவருக்குப் பட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றார்.

ஆயின் இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதே காலத்தில் தென்மாநிலத் தோட்டங்களில் அதே ஆப்பும் அதே கோடரியும் கொண்டு கறுப்பின அடிமைகள் கழி பிளந்தனர். அவர்களுக்குக் கூலியில்லை, பட்டமுமில்லை, அவர்கள் பெயர்களை எந்த மாநாடும் முழங்கவில்லை. 1861-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் இருதரப்புப் படைகளும் அவ்வேலிகளைப் பிடுங்கிக் குளிர்காய்ந்தன. மேற்கழியை மட்டும் எடுக்கலாம் என்று தளபதி ஆணையிட்டாராம். ஒவ்வொரு வீரனும் தான் வரும்போது மேலே இருந்த கழியை எடுத்தான்; வேலியே மறைந்தது என்பர். 1863 சனவரி முதல் நாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது. 1865 டிசம்பரில் அடிமைமுறை அரசியற் சட்டத்தாலேயே ஒழிந்தது.

வேலியின் காலமும் மாறியது. 1871-இல் அந்நாட்டு வேளாண்மைத் துறை கணக்கிட்டபோது, வேலிகளின் மதிப்பு ஏறக்குறைய 175 கோடி டாலர். மரமில்லாப் புல்வெளிகளுக்கு இம்முறை ஒவ்வவில்லை. 1874-இல் அதே இல்லினாயில் ஜோசப் கிளிடன் என்னும் உழவர் முட்கம்பிக்கு உரிமை பெற்றார்; முட்கம்பி விரைந்து பரவியது. 1904-இல் நியூயார்க்கிற் காணப்பட்ட பூஞ்சை நோய் பரவி, அரை நூற்றாண்டுக்குள் கோடிக்கணக்கான செஸ்ட்நட் மரங்களை அழித்தது. இன்று கெட்டிஸ்பர்க் போர்க்களம் போன்ற நினைவிடங்களில் பழைய முறைப்படி அமைத்த மரவேலிகளைக் காணலாம்.

ஒரே கழி ஒருவருக்குப் பெருமையும் மற்றொருவருக்கு விலங்குமாக இருந்த கதை நமக்கும் பாடமாகும். அலுவலகத்தில் அமர்ந்து கோப்பு எழுதும் நாம், வெயிலில் தண்டவாளம் காக்கும் தொழிலாளியை இல்லத்தில் ஒருமையிற் குறிப்பிடுகின்றோம்; பிள்ளைகளும் கேட்டுப் பழகுகின்றனர். அவர் சம்மட்டி பிடியாத நாளில் நாம் எழுதும் கணக்கிற்குப் பொருள் ஏது? வரும் ஞாயிறன்று பிள்ளைகளை அழைத்துத் தோட்டவேலியை நம் கையாலேயே கட்டுவோம். அடுத்த வீட்டாரோடு பேசுவதற்கு இடம்விட்டுக் கட்டுவோம். சங்கம் தழைக்க!