மேடும் பள்ளமும்: கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு பகல் நடை

மலைக்காட்டில் ஒரு பகல் நடந்து திரும்ப விரும்புவோர்க்குப் பெரம்பலூர்ப் பக்கம் பச்சைமலை இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி மலை ஏதும் இல்லை. செம்மண், முந்திரிக்காடு, முட்புதர், இடையிடையே வயல், அவ்வளவே. எனினும் இலக்கிய அன்பர்கள் ஒரு பகல் முழுதும் நடப்பதற்கு இதனினும் பொருத்தமான காடு நமக்குத் தெரிந்து வேறில்லை. மலையில் நடப்பவர் உச்சியைக் குறித்துக்கொண்டு வழி வகுப்பார். இங்கே சற்றே உயர்ந்து தெரியும் மேடுகள் பலவற்றுக்கும் பின்னால் மனிதக் கை இருக்கிறது. அவற்றையே குறியாகக் கொண்டு வழி வகுக்க வேண்டும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். சுமார் 55 மீட்டர் உயர விமானம், சண்டேசருக்கு இறைவன் மலர்மாலை சூட்டும் சிற்பம், வடபுறத்துச் சரசுவதி. ஒரு மணி நேரம். பிறகு கும்பகோணமோ சிதம்பரமோ. கோயிலைப் பற்றி எழுதியோர் பலர் உளர். கருவூர்த்தேவர் திருவிசைப்பாவிலேயே பாடிவிட்டார். 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. ஆனால் முதலாம் இராசேந்திரன் காலம் தொட்டு 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், சோழப் பேரரசின் தலைநகராயிருந்த ஓர் ஊர் ஒரு கோயிலுக்குள் அடங்கிவிடுமா? நகரம் வெளியே கிடக்கிறது. அதைக் காண்பதற்குக் கால்களைத் தவிர வேறு வாகனம் உதவாது.

வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? நில வரைபடத்தைக் காட்டிலும் ஊர்ப்பெயர்களே இதற்குத் துணை. உள்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, யுத்தப்பள்ளம் என்னும் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அரசனின் மெய்க்காவற்படை குடியிருந்த இடம், படைக்கலம் இருந்த இடம், கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அரைத்த இடம் என்று ஒரு நகரத்தின் உறுப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. இவையனைத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. யுத்தப்பள்ளம் போன்ற பெயர்களுக்குப் பின்னாளில் கதை சேர்ந்திருக்கக் கூடும். தமிழ்நாட்டில் பள்ளத்துக்கெல்லாம் ஒரு போர் உண்டு. ஆனால் உள்கோட்டையும் மாளிகைமேடும் அத்தகையன அல்ல. மண்ணைத் தோண்டியபோது மண்ணே அவற்றுக்குச் சாட்சி சொல்லிற்று.

கல்வெட்டுகள் தரும் பெயர்கள் இன்னும் சுவையானவை. இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்று அரசர் பெயரால் அமைந்த சாலைகள் எந்தத் தலைநகரிலும் இருக்கக்கூடியவைதாம். நம்மை நிறுத்தி வைப்பது மற்றொன்று: 'கூழையானை போன பெருவழி'. கூழை என்றால் குட்டையானது, குறைபட்டது. ஏதோ ஒரு குட்டை யானை ஒருநாள் அவ்வழியே போயிற்று. ஊரார் வாயில் அதுவே சாலையின் பெயராகிவிட்டது. அரசாங்க எழுத்தரும் அதை மாற்றாமல் கல்லில் ஏற்றிவிட்டார். மெய்க்கீர்த்திகளின் ஆரவாரத்தைப் படித்துக் களைத்த நமக்கு, இந்த ஒரு தொடரில் அந்த நகரத்து மக்களின் குரல் கேட்கிறது. இன்றைய தார்ச்சாலைகளில் எதற்கும் அப்பெயர் இல்லை.

காடு எப்போது வந்தது? 1855ஆம் ஆண்டுக் குறிப்பொன்றை நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் எடுத்துக்காட்டுகிறார். வடக்கு தெற்காக 16 மைல் நீளமுள்ள பெருங்கரை, கொள்ளிடத்திலிருந்து 60 மைல் நீளக் கால்வாய் வழியே நீர் வந்த ஏரி, இப்போது கரை உடைந்து, ஏரியின் உள்வாய் முழுதும் நுழையவொண்ணாக் காடு என்கிறது அக்குறிப்பு. கோயிலருகே காட்டுக்குள் கிடந்த இடிபாட்டு மேடுகளைப் பார்த்தவருக்குப் பாபிலோன் நினைவு வந்திருக்கிறது. அதே குறிப்பு மற்றொரு செய்தியையும் சொல்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் திருமதிலைப் பெயர்த்துக் கல் கொண்டுபோனார்கள். ஊர்மக்கள் தடுத்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும் பேருந்தில் அமர்ந்திருப்பவர் ஒரு கணம் கீழே பார்க்கலாம்.

இனி நடைக்கு வருவோம். மார்கழியும் தையும் உகந்த மாதங்கள். வெயில் தாங்கும்; ஏரியில் நீர் இருக்கும். கோயில் நண்பகலில் நடைசாத்தி மாலை மீண்டும் திறப்பதால், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே நலம். விடியற்காலையில் கிளம்பிக் கோயிலுக்குத் தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாளிகைமேட்டுக்கு முதலில் செல்லலாம். தண்ணீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும். முந்திரித் தோப்புகள் தனியார் உடைமை. காய்ப்புக் காலத்தில் காவலும் உண்டு. கேட்டுவிட்டு நுழைந்தால் யாரும் மறுப்பதில்லை, சில இடங்களில் வழிகாட்டியும் வருவார்கள். சருகு மூடிய இடத்தில் கோலால் தட்டிவிட்டுக் காலை வைக்க வேண்டும்.

மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-81 முதல் அகழ்ந்தது. 2021இலிருந்து மறுபடியும் அகழாய்வு தொடங்கியது. செங்கற்சுவர்களின் அடித்தளம், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கல்வெட்டு 'சோழகேரளன் திருமாளிகை' என்று சொல்லும் அரண்மனையில் எஞ்சியது முழங்கால் உயரச் செங்கல். இறைவனுக்குக் கல்லும் அரசனுக்குச் செங்கல்லும் என்று அக்காலத்தில் வகுத்துக்கொண்டார்கள். அதன் விளைவைத்தான் இங்கே காண்கிறோம். செங்கல்லைப் பெயர்த்தெடுப்பது எளிது. தலைமுறை தலைமுறையாகச் சுற்றுப்புற வீடுகளுக்குள் அரண்மனை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்காக ஊராரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அணைக்குக் கல் எடுத்தவர்களுக்குச் சட்டம் துணை நின்றதே!

அங்கிருந்து உள்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்கே ஏறினால் பொன்னேரி. இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் இதுவே. கங்கைநீர் வடிவான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதைக் கூறுகிறது. வெற்றித்தூணைக் கல்லில் நாட்டாமல் நீரில் நாட்டியவன் அவன் ஒருவனே எனலாம். 'பொன்னியின் செல்வ'னின் முதற்பக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதால் வீராணத்தின் கரைக்கு நம் வாசகர்கள் தேடிப் போகிறார்கள். பொன்னேரிக் கரைக்கு அப்படியொரு கதாநாயகன் வாய்க்கவில்லை. மழைக்குப் பின் கரை வழுக்கும். மதியச் சோற்றுக்குக் கரைமீது நிழலுள்ள மரம் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடுங்கள். விமானம் எங்கிருந்து தெரிகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்தால் நகரத்தின் அகலம் பிடிபடும்.

செங்கமேட்டுக் காளி கோயிலில் உள்ள கலிங்கத்துச் செம்மணற்கல் படிமங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல வேண்டாம். அதற்கு மற்றொரு பகல் வேண்டும்.

நடப்பவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. இன்றைய பட்டாவில் நிலத்துக்குப் புல எண் உண்டு, பெயர் இல்லை. இந்த மேட்டுக்கு என்ன பெயர், அந்தக் குழிக்கு என்ன பெயர் என்பது ஆடு மேய்ப்பவரும் முந்திரி பொறுக்கும் மூதாட்டியும் சொல்லித்தான் தெரிய வேண்டும். எங்கள் மாணவர்கள் போகும்போது ஒரு குறிப்பேடு கொண்டு போகிறார்கள். சொன்னவர் உச்சரித்தபடியே பெயர், அருகிலுள்ள மரமோ கிணறோ ஓர் அடையாளம், நாள் ஆகிய மூன்றை மட்டும் எழுதுகிறார்கள். பொருள் என்னவாக இருக்கும் என்று எழுதுவதில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருட்டுவதற்குள் கோயிலுக்கு வந்துவிட்டால், திருமதில் இருந்த இடத்தைப் புல்தரையில் நடந்தே அளந்துவிட்டுப் பேருந்து ஏறலாம்.