ஆணையமா, வழக்கா? தாமிரபரணிப் படுகொலையும் விசாரணை ஆணையச் சட்டமும்

1999 ஜூலை 23 அன்று, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் ஆதரவுக் கட்சியினரும் ஊர்வலமாகச் சென்றனர். கூலி உயர்வும், திருச்சிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த 652 தொழிலாளர்களின் விடுதலையும் அவர்களது கோரிக்கைகள். தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். காவல்துறையின் தடியடிக்குத் தப்ப மக்கள் தாமிரபரணிக்குள் இறங்கினர். அன்று 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். ஒருவர் சிறு குழந்தை.

உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். மோகன் தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அவ்வாணையம் காவல்துறையின் நடவடிக்கையைப் பொதுவில் ஏற்றுக்கொண்டது. இந்த மரணங்களுக்காக இன்றுவரை எந்தக் காவலரையும் குற்றவியல் நீதிமன்றம் தண்டிக்கவில்லை. அறிக்கையின் சார்பு குறித்து நிறையப் பேசப்பட்டுவிட்டது. நாம் கேட்க விரும்புவது வேறொன்று: அறிக்கை காவல்துறைக்கு எதிராகவே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

விடை 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தில் உள்ளது. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அதன் அறிக்கை வெறும் பரிந்துரையே என்று ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அறிக்கையையும் அதன்மீது எடுத்த நடவடிக்கையின் குறிப்பையும் ஆறு மாதங்களுக்குள் சட்டமன்றத்தில் வைக்கவேண்டும் என்கிறது பிரிவு 3(4). நடவடிக்கை எடுத்தே தீரவேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

அண்டை மாவட்டமான தூத்துக்குடியே இதற்குச் சான்று. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கடுமையான அறிக்கைதான், ஆயினும் அறிக்கையால் மட்டும் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவதில்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது பிரிவு 6. ஆணையத்தின் முன் ஒருவர் அளிக்கும் வாக்குமூலத்தைப் பொய்ச்சாட்சி வழக்கு தவிர, வேறெந்த உரிமையியல், குற்றவியல் வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த இயலாது. சாட்சிகளுக்கு இது பாதுகாப்பு. ஆனால் தடியடிக்கு உத்தரவிட்டதை ஓர் அதிகாரி ஆணையத்தில் ஒப்புக்கொண்டாலும், அச்சொல் விசாரணை நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாகாது. மாதக்கணக்கில் நடக்கும் அமர்வுகளில் களைத்துப்போகும் மக்கள், குற்றவியல் வழக்குக்கான சான்றுகளை முதலிலிருந்து திரட்டவேண்டியிருக்கிறது.

ஆணையம் அமைக்கப்படுவதால் குற்றவியல் வழக்குக்கான உரிமை நின்றுவிடுவதில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்துத் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல்நிலையம் மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். பின்னர் நீதித்துறை நடுவரை அணுகலாம். உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காகக் காவலர்மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 132. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது பிரிவு 151 ஆகத் தொடர்கிறது. காவல்துறையை நடத்தும் அரசே அனுமதி தரவேண்டும் என்பது விந்தையான ஏற்பாடு! அனுமதி மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் அதை எதிர்க்கலாம்.

குற்றம்சாட்டப்பட்டோர் காவலர்களாக இல்லாதபோது வழக்கின் பாதை எவ்வளவு மாறுகிறது என்பதற்கு மேலவளவு எடுத்துக்காட்டு. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் கொல்லப்பட்டனர். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இரு நிகழ்வுகளுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள்.

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவைச் சேர்த்தது. பிணை உள்ளிட்ட ஒவ்வொரு நடவடிக்கை குறித்தும் பாதிக்கப்பட்டோருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். அவர்கள் தரப்பைக் கேட்கவேண்டும். இது வெறும் சடங்கன்று, கட்டாயம் என்று ஹரிராம் பாம்பி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்டோர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்த மாவட்ட ஆட்சியருக்கு 1995 விதிகளின் 4(5) அதிகாரம் தருகிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் தலித் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆணவக் கொலை செய்யப்பட்ட வழக்கு இச்சட்டத்தின்கீழ் பதிவானது. அத்தகைய வழக்குகளில் குடும்பத்தினரின் கையிலிருக்கும் முதன்மைக் கருவிகள் இவையே. காவல்துறையின் தடியடிக்கு இச்சட்டத்தைப் பொருத்துவது கடினம். தாக்கப்பட்டவரின் சாதியைத் தாக்கியவர் அறிந்திருந்தார் என்று காட்டவேண்டியிருக்கும்.

கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கே அந்த வரம்பு பொருந்தும். ஆகவே 1999-இன் 17 மரணங்கள் குறித்து இன்று புகார் அளிப்பதையும் காலவரம்பு தடுக்காது. தேவைப்படுபவை உடற்கூறாய்வு அறிக்கைகள், பிண விசாரணை அறிக்கைகள், அன்று கரையில் நின்றவர்களின் வாக்குமூலங்கள். முதலிரண்டையும் நீதிமன்றத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் கேட்கலாம். கரையில் நின்றவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள்.